பேசாத ஃபாதர், பேச வைத்த ஃபாதர்

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "வேலை வாய்ப்புகள் பற்றி ஒரு அரை மணி நேரம் பேசுங்க" என்றார். அதைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறார்கள். நான் சினிமா பற்றிப் பேசுகிறேனே என்றேன். கொஞ்சம் யோசித்தார். "எந்த சினிமா?" என்றார். "ஃபாதர்கள் வருகிற சினிமா" என்றேன். உடனே சம்மதித்துவிட்டார்! தாளாளர் தந்தைக்கும் சங்கடம் இருக்காது என்று நினைத்திருப்பார். இருக்குமா இருக்காதா என்பதைப் பேசி முடித்தபிறகு அவரே சொல்லட்டும்.

நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன். இந்த அரங்கில் பாதிக்கு மேல் கத்தோலிக்கர் அல்லாதவர்கள். அதனால் சில சொற்களை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும்; தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சினிமாவைக் கத்தோலிக்கக் கண்ணோட்டத்தில் பார்ப்பது என்றால் உடனே கத்தரிக்கோல் ஞாபகம்தான் பலருக்கும் வரும். அதில் நியாயமும் உண்டு. ஹாலிவுட்டில் எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று 1930இல் ஒரு விதித் தொகுப்பு எழுதப்பட்டது. எழுதியவர்களில் ஒருவர் டேனியல் லார்ட் என்ற சேசு சபைக் குரு. 1934 முதல் அதைக் கறாராக அமல்படுத்திய ஜோசப் பிரீனும் கத்தோலிக்கர்தான். நமக்கு ஐ.எஸ். கோடு மாதிரி அவர்களுக்கு அது. முத்தம் எத்தனை நேரம், கட்டில் எத்தனை என்பது வரைக்கும் கணக்கு. அதே காலத்தில் அமெரிக்க ஆயர்கள் ஆதரவில் ஓர் அமைப்பு, படங்களுக்கு ஏ, பி, சி என்று தரம் போட்டது. சி என்றால் கத்தோலிக்கர் பார்க்கவே கூடாது.

ரோபர்ட்டோ ரோசெல்லினி என்று ஒரு இத்தாலிய இயக்குநர். 'மிராக்கிள்' என்று ஒரு சின்னப் படம் எடுத்தார். ஆடு மேய்க்கும் ஒரு பேதைப் பெண், வழியில் கண்ட ஒருவனைப் புனித சூசையப்பர் என்று நம்பிக் கர்ப்பமாகிவிடுகிறாள். 1950இல் நியூயார்க்கில் திரையிட்டபோது கர்தினால் ஸ்பெல்மன் கொதித்துப்போனார், ஆர்ப்பாட்டம் நடந்தது, படத்தின் உரிமத்தை ரத்து செய்தார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1952இல் சினிமாவும் கருத்துச் சுதந்திரத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டதுதான் என்று தீர்ப்பு வந்தது. தடுக்கப் போனவர்களே கதவைத் திறந்துவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. சினிமா பிறந்து நூறு ஆண்டு ஆனதை ஒட்டி 1995இல் வத்திக்கான் 45 படங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. சமயம், விழுமியம், கலை என்று மூன்று பிரிவு, ஒவ்வொன்றிலும் 15 படம். அதில் அதே ரோசெல்லினியின் படங்கள் இரண்டு! இயேசுவின் வாழ்க்கைப் படங்களில் அவர்கள் சேர்த்த ஒன்று, பசோலினி எடுத்த 'மத்தேயு நற்செய்தி' (1964). பசோலினி மார்க்சியவாதி, கடவுள் நம்பிக்கை இல்லாதவர். கலைப் பிரிவில் சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' இருக்கிறது, இரத்தம் குடிக்கும் 'நாஸ்ஃபெராட்டு' கூட இருக்கிறது. விழுமியப் பிரிவில் அட்டன்பரோவின் 'காந்தி' இருக்கிறது. யார் எடுத்தார் என்று பார்க்காமல், மனிதனைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்த்த பட்டியல் அது. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்கள்.

அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் நமக்கு நன்றாகத் தெரிந்த படம்கூட வேறு மாதிரி தெரியும். 'காட்ஃபாதர்' என்றால் நம் ஊரில் 'தாதா' என்றுதான் அர்த்தம் ஆகிப்போச்சு. ஆனால் அந்தச் சொல்லின் நேர் பொருள் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தின்போது குழந்தையின் சார்பில் பதில் சொல்லி, விசுவாசத்தில் வளர்க்கப் பொறுப்பேற்கிற ஆள். 1972இல் வந்த அந்தப் படத்தின் கடைசிப் பகுதியில் மைக்கேல் கோர்லியோனி தங்கை பிள்ளைக்கு ஞானத்தகப்பனாகக் கோவிலில் நிற்கிறான். சாத்தானை விட்டுவிடுகிறாயா என்று குருவானவர் கேட்கிறார், விட்டுவிடுகிறேன் என்கிறான். அதே நிமிடத்தில் அவன் ஆட்கள் ஊரெங்கும் எதிரிகளைச் சுட்டுத் தள்ளுகிறார்கள். அன்றைக்கே அந்தக் குழந்தையின் அப்பனையும் கொல்லச் சொல்கிறான். கத்தோலிக்கர் அல்லாத நண்பர்கள் அதை ஒரு பிரமாதமான எடிட்டிங் என்று சொல்வார்கள். எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். ஏனென்றால் அந்தக் கேள்விகளுக்கு நாங்களும் பதில் சொல்லியிருக்கிறோம். கொலையைவிட அந்தப் பொய் சத்தியம் பெரிய பாவமாகத் தெரியும்.

தமிழில் இந்த மாதிரி இல்லையா என்றால், பக்திப் படங்கள் இருக்கின்றன. 1948இல் சிட்டாடல் எடுத்த 'ஞானசௌந்தரி'யில் வரும் மாதா பாட்டை என் பாட்டி கடைசிவரை பாடிக்கொண்டிருந்தார். 1971இல் 'அன்னை வேளாங்கண்ணி' வந்தது. அவை அருமையான படங்கள். ஆனால் இன்றைக்கு நான் பேச வந்தது பக்தியைப் பற்றி இல்லை, வாயைத் திறப்பதா மூடுவதா என்பதைப் பற்றி. அதற்கு இரண்டு படம் போதும். இரண்டும் கறுப்பு வெள்ளை. ஒன்று 1953, மற்றொன்று 1954.

முதல் படம் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'ஐ கன்ஃபெஸ்'. ஹிட்ச்காக்கை நாம் திகில் பட இயக்குநர் என்றுதான் அறிவோம். அவர் லண்டனில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து சேசு சபைப் பள்ளியில் படித்தவர். அது மட்டுமில்லை, இங்கே இருக்கிற நமக்கு இன்னும் நெருக்கமான விஷயம் ஒன்று உண்டு: பள்ளி முடிந்ததும் அவர் சேர்ந்தது பொறியியல் வகுப்பு, முதலில் பார்த்த வேலை தந்திக் கம்பி தயாரிக்கும் ஒரு கேபிள் கம்பெனியில்! ஒரு ஷாட்டை எடுப்பதற்கு முன்பே முழுக்க வரைந்து வைத்துவிடுவார் என்று சொல்வார்கள். டிராயிங் இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது என்று நமக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் அவரும் செய்தார்.

கதை கனடாவின் கியூபெக் நகரில் நடக்கிறது. படம் தொடங்கும்போதே ஒரு வழிப்பாதைக்கான அம்புக்குறிப் பலகைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவார். அம்பு காட்டும் வழியே போனால் ஒரு வீட்டுக்குள் பிணம் கிடக்கிறது. கொன்றவன் ஓட்டோ கெல்லர், ஒரு பங்குக் கோவிலில் வேலை செய்பவன். நம் ஊர்க் கணக்கில் கோவில்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். திருடப் போன இடத்தில் வில்லெட் என்ற வக்கீலைக் கொன்றுவிட்டான். போகும்போது குருவானவரின் அங்கியைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். அன்றிரவே நேராகக் கோவிலுக்கு வந்து, ஃபாதர் லோகன் என்ற இளம் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறான்.

இங்கே ஒரு விளக்கம். பாவசங்கீர்த்தனம் என்பது செய்த பாவத்தைக் குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெறுவது. இப்போது ஒப்புரவு அருட்சாதனம் என்கிறார்கள். அதில் கேட்டதை அந்தக் குரு யாரிடமும், எந்தக் காரணத்துக்காகவும், சொல்லாலோ சாடையாலோ வெளிப்படுத்தக் கூடாது. 1215இல் நடந்த நான்காம் லாத்தரன் சங்கமே இதைச் சட்டமாக்கிவிட்டது. இன்று நடைமுறையில் உள்ள திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 983ஆம் பிரிவு. போலீஸ் கேட்டாலும் சொல்லக் கூடாது, நீதிமன்றம் கேட்டாலும் கூடாது, தன் கழுத்துக்குக் கயிறு வந்தாலும் கூடாது.

ஹிட்ச்காக் அந்தக் கயிற்றைத்தான் கொண்டுவருகிறார். கொலை நடந்த வீட்டிலிருந்து ஒரு குருவானவர் வெளியே போனதைப் பார்த்ததாக இரண்டு சிறுமிகள் சொல்கிறார்கள். குருவாவதற்கு முன்பு லோகன் நேசித்த ஒரு பெண்ணை அந்த வக்கீல் மிரட்டிக்கொண்டிருந்த விஷயமும் வெளியே வருகிறது. ஆக, லோகனுக்குக் கொல்லக் காரணம் இருக்கிறது. கண்ட சாட்சி இருக்கிறது. இரத்தக்கறை படிந்த அங்கி அவர் பெட்டியிலேயே கிடைக்கிறது. வைத்தவன் கெல்லர். உண்மை தெரிந்த ஒரே வெளியாள் லோகன். அவர் வாயைத் திறக்க முடியாது!

இதில் ஒரு காலைச் சாப்பாட்டுக் காட்சி உண்டு. மேஜையைச் சுற்றிக் குருக்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். கெல்லரின் மனைவி ஆல்மா காப்பி பரிமாறிக்கொண்டே லோகனின் முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். சொல்லிவிடுவாரோ என்ற பயம். அவர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. மான்ட்கோமரி கிளிஃப்ட் என்ற நடிகர். படம் முழுக்க அவருக்குக் கண்தான் வசனம்.

படம் வந்தபோது நிறைய பேருக்குப் புரியவில்லை. பின்னால் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் ஹிட்ச்காக்கே வருத்தப்பட்டுச் சொன்னார்: இந்த விதி கத்தோலிக்கர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு ஒரு மனிதன் இதற்காக உயிரை விடுவான் என்பதே அபத்தமாகத் தெரிகிறது, ஆகவே அந்தப் படத்தை எடுத்திருக்கவே கூடாது என்று. நான் அவரோடு ஒத்துப்போகமாட்டேன். விடுதியில் எங்கள் அறையில் இந்தப் படத்தைப் போட்டபோது உடன் பார்த்தவர்கள் ஐந்து பேர். நான் ஒருவன்தான் கத்தோலிக்கன். முடிந்ததும் பக்கத்து அறை நண்பன், நாமம் போட்ட குடும்பத்துப் பையன், "வாக்குக் கொடுத்தா கொடுத்ததுதான்டா, இதுல என்னடா புரியல?" என்றான். அரிச்சந்திரன் கதை கேட்டு வளர்ந்தவனுக்கு லண்டன் விமர்சகருக்கு இருந்த சிரமம் இல்லை. அந்தப் பையன் இப்போது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறான்.

ஆனால் அன்றைக்கே இன்னொருத்தன் ஒரு கேள்வி கேட்டான். கடைசியில் ஆல்மா பொறுக்க மாட்டாமல் உண்மையைச் சொல்லப் போகிறாள், கெல்லர் அவளைச் சுட்டுவிடுகிறான். "ஃபாதர் முதல்லயே சொல்லியிருந்தா அந்தப் பொம்பள செத்திருக்க மாட்டாளே?" இந்தக் கேள்வியை நான் பல ஆண்டுகள் சுமந்துகொண்டு திரிந்தேன். சரியான கேள்வி. அதை வைத்துக்கொண்டுதான் இரண்டாவது படத்துக்கு வருகிறேன்.

எலியா கசான் இயக்கிய 'ஆன் த வாட்டர்ஃபிரண்ட்'. எட்டு ஆஸ்கார் வாங்கிய படம். வத்திக்கான் பட்டியலில் விழுமியப் பிரிவில் இருக்கிறது. (ஹிட்ச்காக்கின் படம் ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை என்பது என் தனிப்பட்ட மனத்தாங்கல்.) நியூயார்க் பக்கத்துத் துறைமுகம். தினமும் காலையில் கூலிகள் கூட்டமாக வந்து நிற்க வேண்டும். மேஸ்திரி யாரைக் கைகாட்டுகிறாரோ அவருக்குத்தான் அன்று வேலை. தொழிற்சங்கம் ரவுடிகள் கையில். அவர்களைப் பற்றி வாயைத் திறப்பவன் உயிரோடு இருக்க முடியாது. ஜோயி டாயில் என்ற பையன் விசாரணைக் கமிஷனில் சாட்சி சொல்லப் போகிறான் என்று தெரிந்ததும் மாடியிலிருந்து தள்ளிவிடுகிறார்கள். அவனை மாடிக்கு வரவழைக்கத் தெரியாமல் உதவியவன் டெர்ரி, பழைய குத்துச்சண்டைக்காரன், புறா வளர்ப்பவன். மார்லன் பிராண்டோ. ஜோயியின் தங்கையையே அவன் விரும்பத் தொடங்குகிறான்.

இங்கே ஒரு ஃபாதர் வருகிறார், ஃபாதர் பேரி. கற்பனைப் பாத்திரம் என்றாலும் அச்சு உண்மையானது. ஜான் கோரிடன் என்ற சேசு சபைக் குரு, நியூயார்க்கில் தொழிலாளர்களுக்காக நடந்த ஒரு சேசு சபைப் பள்ளியில் இருந்துகொண்டு துறைமுகக் கூலிகளுக்காகப் போராடியவர். மால்கம் ஜான்சன் என்ற பத்திரிகையாளர் 'நியூயார்க் சன்' ஏட்டில் எழுதிய கட்டுரைகளுக்கு அவர்தான் நிறைய தகவல் கொடுத்தார். அந்தக் கட்டுரைகளுக்கு 1949இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. படத்துக்கு விதை அங்கேதான்.

சாட்சி சொல்ல முன்வந்த இன்னொரு தொழிலாளி மேல் கப்பலின் சரக்கறைக்குள் பாரத்தை இறக்கிக் கொன்றுவிடுகிறார்கள். விபத்து என்று பெயர். ஃபாதர் பேரி அந்தச் சரக்கறைக்குள்ளேயே இறங்கி நின்று பேசுகிறார். சிலுவையில் அறைந்தது கல்வாரியில் மட்டும் நடந்தது என்று நினைக்காதீர்கள், இங்கே இப்போது நடந்ததும் அதுதான், பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறவனுக்கும் அதில் பங்கு உண்டு என்கிறார். கோரிடன் உண்மையிலேயே கூலிகளிடம் பேசிய பேச்சை ஒட்டி எழுதப்பட்ட வசனம் அது. மேலேயிருந்து பழத்தையும் டின்னையும் எறிகிறார்கள். நெற்றியில் இரத்தம். நிறுத்தவில்லை. பேசி முடித்ததும் பிணத்தோடு சேர்ந்து அதே சரக்குத் தூக்கியில் மேலே வருகிறார். பிரசங்க மேடையைக் கப்பலின் அடிவயிற்றுக்கு இறக்கிக்கொண்டு வந்த காட்சி அது. நான் கேட்ட பிரசங்கங்களிலேயே சிறந்தது அதுதான் என்று சொன்னால் தாளாளர் தந்தை கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

இனி ஒரு சின்ன விஷயம். 'ஐ கன்ஃபெஸ்' படத்தில் ஃபாதர் லோகனைப் பேச வைக்க முட்டி மோதும் போலீஸ் அதிகாரியாக நடித்தவர் கார்ல் மால்டன். அடுத்த ஆண்டே 'வாட்டர்ஃபிரண்டி'ல் ஃபாதர் பேரியாக வந்து, டெர்ரியைப் பேச வைக்க முட்டி மோதுபவரும் அதே கார்ல் மால்டன்தான்! அதே பெரிய மூக்கு, அதே விடாப்பிடி. முந்தின படத்தில் அவர் ஜெயிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு பார்க்கிறோம், இந்தப் படத்தில் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு பார்க்கிறோம். இது வெறும் தற்செயல்தான். இருந்தாலும் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கிறவனுக்கு அது பெரிய பாடமாக ஆகிவிடுகிறது. கத்தோலிக்க மரபு பேசாதே என்கிறதா, பேசு என்கிறதா?

'வாட்டர்ஃபிரண்டி'லேயே அதற்கு ஒரு காட்சி இருக்கிறது. குற்ற உணர்ச்சி தாங்காமல் டெர்ரி கோவிலுக்கு வந்து ஃபாதர் பேரியிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்கிறான். அவர் கேட்க மறுக்கிறார்! பாவசங்கீர்த்தனத்தில் கேட்டால் என் வாய் கட்டப்பட்டுவிடும், அதனால் அங்கே எனக்குச் சொல்லாதே. வெளியே நானாகத் தோண்டி எடுத்தால்தான் அதை வைத்து ஏதாவது செய்ய முடியும் என்கிற அர்த்தத்தில் பேசுகிறார். இரண்டு ஃபாதர்களுக்கும் சட்டம் ஒன்றுதான். ஒருவர் அந்தச் சட்டத்துக்குள் அகப்பட்டுக்கொண்டவர். மற்றவர் அந்தச் சட்டம் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்து, வாசலிலேயே ஆளை நிறுத்தியவர். எதை எந்த வாசலில் கேட்கிறோம் என்று முதலிலேயே தெளிவாக்கிவிட வேண்டும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்த காட்சி இது. ஒரு தடவை வேலையிலும் அது எனக்குத் தேவைப்பட்டது.

என் தொழிலிலும் ஃபிலிம் உண்டு. குழாய்களைப் பற்றவைத்த இணைப்புகளை எக்ஸ்ரே எடுத்து, அந்த ஃபிலிமை விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்து, உள்ளே ஓட்டை, விரிசல் இல்லை என்று கையெழுத்துப் போடுவது இன்ஸ்பெக்டர் வேலை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஆலையில் நீராவிக் குழாய் வேலை. எந்த ஆலை, எந்த காண்டிராக்டர் என்பதெல்லாம் வேண்டாம். காண்டிராக்டர் பக்கம் ஒரு தம்பி இருந்தான். நம் கல்லூரிதான், எனக்கு ஜூனியர். ஒரு நாள் சாயங்காலம் டீக்கடையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, உங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்லணும். வெளியில போகக் கூடாது."

அவன் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு ஃபாதர் பேரி ஞாபகம் வந்துவிட்டார். "தம்பி, அண்ணனாக் கேட்டா நான் வாயைத் திறக்க முடியாது. இன்ஸ்பெக்டராக் கேட்டா எழுதியாகணும். ரெண்டுல எதுன்னு நீயே முடிவு பண்ணிட்டு அப்புறம் சொல்லு" என்றேன்.

டீயைக் குடித்து முடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே நானும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் காலை அந்தப் பகுதியின் ஃபிலிம்களை எல்லாம் எடுத்து இரண்டு இரண்டாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பற்றவைப்பு என்பது கைரேகை மாதிரி. ஒன்று போல இன்னொன்று இருக்காது. நம்பர் வேறு வேறாக இருந்த நாலு ஃபிலிமில் ஒரே புள்ளிகள், ஒரே இடத்தில், ஒரே வடிவத்தில். அதாவது ஒரு நல்ல இணைப்பைத் திரும்பத் திரும்பப் படம் எடுத்து வேறு வேறு நம்பர் போட்டிருக்கிறார்கள். நான் அறிக்கை எழுத உட்கார்ந்த மூன்றாம் நாள் அந்தத் தம்பியே வந்தான். கையில் ஒரு பட்டியல். நாலு அல்ல, 11 இணைப்பு. "இன்ஸ்பெக்டர்கிட்டதாண்ணே சொல்றேன்" என்றான்.

அத்தனையும் திரும்ப எக்ஸ்ரே எடுத்தோம். மூன்றை அறுத்துப் புதிதாகப் பற்றவைக்க வேண்டியிருந்தது. அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் தினமும் ஆட்கள் நடந்து போகிறார்கள். அவர்களுக்கு இந்தக் கதை தெரியாது. தம்பிக்கு வேலை போனது. ஆறு மாதம் வீட்டில் இருந்தான். அவன் அம்மா ஒரு நாள் எனக்குப் போன் செய்தார்கள். திட்டவில்லை. "நீங்க அண்ணனாவே கேட்டுட்டுச் சும்மா இருந்திருக்கலாமே தம்பி" என்றார்கள். நான் என்ன பதில் சொன்னேன் என்று இப்போது நினைத்துப் பார்த்தாலும் பதில் மாதிரி ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை. அவன் இப்போது வளைகுடாவில் நல்ல வேலையில் இருக்கிறான். வருடத்துக்கு ஒருமுறை கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புவான். அந்த விஷயத்தை இரண்டு பேருமே எடுப்பதில்லை.

பேசுவது எல்லாமே வீரம் என்றும் நான் சொல்ல வரவில்லை. 'வாட்டர்ஃபிரண்ட்' எடுத்த எலியா கசான் 1952இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன்பு, தன் பழைய நாடகக் குழு நண்பர்களில் எட்டுப் பேரைக் கம்யூனிஸ்டுகளாக இருந்தவர்கள் என்று பெயர் சொன்னவர். அப்படிப் பெயர் வெளியே வந்தவர்கள் சினிமாவில் வேலை இல்லாமல் திண்டாடிய காலம் அது. தன் செய்கைக்கு நியாயம் கற்பிக்கத்தான் டெர்ரியின் கதையை எடுத்தார் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. 1999இல் அவருக்குக் கௌரவ ஆஸ்கார் கொடுத்தபோது அரங்கில் சிலர் கைதட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். என் அபிப்பிராயம், படம் அதை எடுத்தவரைவிட நல்ல படம். டெர்ரி பேசியது தன்னை அடித்து நொறுக்கக்கூடிய பலசாலிகளுக்கு எதிராக. கசான் பேசியது பலசாலிகளின் பக்கம் உட்கார்ந்துகொண்டு. இரண்டும் ஒன்றல்ல.

பேசாமலிருப்பது எல்லாமே புனிதமும் அல்ல. இதைக் கத்தோலிக்கக் கல்லூரி மேடையில் சொல்லாமல் போனால் மற்றதை எல்லாம் சொன்னதில் அர்த்தம் இல்லை. 2015இல் வந்த 'ஸ்பாட்லைட்' படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சிறந்த படத்துக்கான ஆஸ்கார் வாங்கியது. பாஸ்டன் நகரில் சில குருக்கள் குழந்தைகளுக்குச் செய்த கொடுமையையும், மறைமாவட்டம் அதை ஆண்டுக்கணக்கில் மூடி மறைத்து அவர்களைப் பங்குக்குப் பங்கு மாற்றிக்கொண்டிருந்ததையும் 2002இல் 'பாஸ்டன் குளோப்' நாளேடு வெளிக்கொண்டுவந்த கதை. எடுத்தவர் டாம் மெக்கார்த்தி, சேசு சபையினர் நடத்தும் பாஸ்டன் கல்லூரியில் படித்தவர். நம்மைப் போல ஒரு பழைய மாணவர்! படம் ஆஸ்கார் வாங்கிய பிறகு வத்திக்கான் நாளேடே, இது கத்தோலிக்கத்துக்கு விரோதமான படம் அல்ல என்று எழுதியது.

ஃபாதர் லோகனின் மௌனமும் பாஸ்டன் மறைமாவட்டத்தின் மௌனமும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலத்தான் இருக்கும். லோகன் மௌனமாக இருந்ததற்குத் தன் கழுத்தைக் கொடுக்கத் தயாராக இருந்தார். பாஸ்டனில் மௌனமாக இருந்தவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. விலை கொடுத்தது குழந்தைகள். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதும் அல்ல அது; பெரும்பாலும் கோப்பில், கடிதத்தில், பெற்றோர் அழுதுகொண்டே வந்து சொன்ன புகாரில் இருந்தது. ஃபாதர் பேரி சொன்னாரே, பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறவனுக்கும் பங்கு உண்டு என்று, அது அங்கே பொருந்தும்.

அப்படியானால் ஆல்மாவின் சாவு? என் விடுதி நண்பன் கேட்ட கேள்விக்கு இதில் முழுப் பதில் இல்லை. லோகன் மௌனத்துக்கு அவளும் விலை கொடுத்தாள். நான் இந்தக் கேள்வியை இரண்டு குருக்களிடம் கேட்டிருக்கிறேன். ஒருவர் சட்டத்தைச் சொன்னார். இன்னொருவர், வயதானவர், கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அந்தத் தொட்டிக்குள்ள உக்காந்து பார்த்தாத்தான் தெரியும்பா. இந்தக் காது நம்பத்தக்கதுன்னு தெரிஞ்சதாலதானே கெல்லர் வந்தான்? அவன் வரலைன்னா, சாகிற நேரத்துல மன்னிப்புக் கேக்கவும் வந்திருக்க மாட்டான்" என்றார். படத்தில் கெல்லர் சாகும்போது லோகன் கையில்தான் சாகிறான், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே. எனக்கு அந்தப் பதில் பாதி ஏற்கிறது, பாதி ஏற்கவில்லை.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இன்று மாலை ஆறரை மணிக்கு இதே அரங்கில் 'ஐ கன்ஃபெஸ்' திரையிடுகிறோம். 95 நிமிடம்தான், இடைவேளை கிடையாது. ஆங்கிலத்தில் சப்டைட்டில் இருக்கிறது. சாப்பாடு எட்டரைக்குத்தான் என்று மெஸ்ஸில் சொல்லி வைத்திருக்கிறேன். ஆல்மாவைப் பற்றிக் கேள்வி கேட்ட அந்த நண்பனும் வந்திருக்கிறான். படம் முடிந்ததும் திரும்பக் கேட்பான். பதில் தெரிந்தவர்கள் கடைசிவரை இருங்கள்.